போய்வருகிறேன் என்று சொல்லாமல்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வானொலியின் தமிழ் நேரத்தில் என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி, "பாட்டைப் பற்றியும் பேசலாம், கரண்டைப் பற்றியும் பேசலாம், உங்கள் இஷ்டம் அங்கிள்" என்றார். டர்பனில் 31 வருடம் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரண்டைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் நினைத்திருப்பார். எனக்கென்னவோ இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அதனால் இரண்டையும் பேசிவிடுகிறேன்.

2017-ல் நம் தென்னாப்பிரிக்கப் பாடகர் ஜானி கிளெக் தன் கடைசிச் சுற்றுப்பயணத்தில் டர்பனுக்கு வந்தார். 2015-லேயே அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. இதுதான் கடைசி, வந்து பாருங்கள் என்று ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினார். நானும் என் மகளும் போனோம். இங்குள்ள கறுப்பின மக்களான சூலுக்களின் ஆட்டத்தில் காலைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, பூமி அதிர மிதிப்பார்கள் இல்லையா? 64 வயதில், அந்த உடம்போடு, அவரும் தூக்கினார். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு சூலு அம்மா "ஹாவ்!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். கால் இறங்கிய பிறகுதான் அவர் கை இறங்கியது.

நம் வீட்டில் வாசலைத் தாண்டும்போது "போகிறேன்" என்று சொன்னால் ஆயா திட்டுவார். "போய்வருகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு மேடையில் இருந்த மனிதரால் அப்படிச் சொல்ல முடியாது. 2019 ஜூலை 16-ல் போய்விட்டார். ஆனால் சொல்லிக்கொண்டு போனார். அழ வேண்டியவர்கள் அழுதோம், ஆட வேண்டியவர்கள் ஆடினோம்.

அவர் பாட்டு எனக்கு முதலில் கிடைத்தது ஒரு கேசட்டில். எண்பதுகளின் தொடக்கம். என்னோடு கேபிள் குழி வெட்டிய ம்சிங்கா ஊர்க்காரர் ஒருவர் கொடுத்தார். "இது ஒரு வெள்ளைக்காரன் பாடுவது, நம்புவாயா?" என்று சிரித்தார். பதினான்கு வயதில் ஜோஹானஸ்பர்கில், ஃபிளாட் துப்புரவு வேலை செய்த ஒரு சூலுக்காரரிடம் தெருக் கிட்டார் கற்றுக்கொண்ட பையன் ஜானி. அப்புறம் தோட்ட வேலைக்கு நகரத்துக்கு வந்த சிபோ ம்சுனுவோடு சேர்ந்தார். இருவரும் ஜுலுக்கா என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஜுலுக்கா என்றால் வியர்வை. சிபோ வீட்டுக் காளையின் பெயரும் அதுதான். முதல் ஆல்பம் 1979-ல் வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் நிற்கக் கூடாத காலம் அது. அதனால் சர்ச்சிலும் கல்லூரி மண்டபத்திலும் தனியார் வீட்டிலும் பாடினார்கள். போலீஸ் வந்து கலைத்ததும் உண்டு.

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அரசாங்க வானொலி அவர்கள் பாட்டைப் போட மறுத்தது. காரணம், பாட்டில் ஆங்கிலமும் சூலுவும் கலந்திருந்தன. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வானொலி, ஒவ்வொரு வானொலிக்கும் ஒரே மொழி என்பது சட்டம் மாதிரி. நாம் வீட்டில் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவதை அந்த அதிகாரிகள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன்? பொதுச் சொத்து என்பதாலேயே அது நமக்குச் சொந்தமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எஸ்காமும் அப்படித்தான். 1923-ல் அரசாங்கம் தொடங்கிய மின்சாரக் கம்பெனி. சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் தொழிற்சாலைக்கும் மலிவாகக் கரண்ட் கொடுத்தது. கறுப்பர் குடியிருப்புகளில் கம்பி தலைக்கு மேலே போகும், வீட்டுக்குள் இறங்காது. எல்லா இனத்தவரும் முதன்முதலாக ஓட்டுப் போட்ட 1994-ல் நாட்டில் மூன்றில் ஒரு வீட்டுக்குச் சற்று மேல்தான் மின்சாரம் இருந்தது. இன்று பத்தில் எட்டுக்கு மேல். அந்த வேலையைச் செய்தது அரசாங்கக் கம்பெனியும் நகராட்சிகளும். நானே எத்தனையோ வீட்டில் மீட்டர் பொருத்தியிருக்கிறேன். ஸ்விட்சைப் போட்டதும் குழந்தைகள் பல்பைப் பார்க்க மாட்டார்கள். சுவரில் விழுந்த தங்கள் நிழலைத்தான் பார்ப்பார்கள்.

என் தாத்தா, கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகஸின் பாரக்ஸில் இருந்து டர்பன் கார்ப்பரேஷனுக்குத் தெருக் கூட்டியவர். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழரும் தெலுங்கரும்தான். இந்த ஊரின் சாக்கடையும் குழாயும் அவர்கள் கையால் சுத்தமானவை. அறுபதுகளில் எல்லோரையும் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு மூட்டை கட்டி அனுப்பினார்கள். இப்படி உழைத்த பொதுச் சொத்து 1994-ல்தான் முதல் முறையாக நம் பெயரிலும் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மை காய்வதற்குள் விற்பனைப் பேச்சு வந்துவிட்டது.

1997-ல் அரசாங்கத் தொலைபேசிக் கம்பெனியான டெல்காமில் 30 சதவீதம் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் மலேசியக் கம்பெனிக்கும் போனது. கூடவே ஐந்து வருடத்துக்குப் போட்டியே இல்லாத உரிமை. புதிய லைன் போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளூர்க் கட்டணம் ஏறியது, ஏழை வீடுகளால் கட்ட முடியவில்லை. போட்ட லைன்களில் லட்சக்கணக்கானவற்றைத் திரும்ப வெட்டினார்கள். சாட்ஸ்வொர்த்தில் அதே காலத்தில் தண்ணீரை வெட்டுவதும் வாடகை பாக்கிக்கு வீட்டைக் காலி செய்வதும் நடந்தன. போராளி ஃபாத்திமா மீர் அம்மா அந்தப் பெண்களோடு தெருவில் நின்றதைப் பார்த்தவர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 2001 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தன. இரண்டாம் நாள் முடிந்த மறுநாள் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு தொடங்கியது. வெளிநாட்டு விருந்தாளிகள் முன்னால் நம் சண்டை.

கரண்ட் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2007 வாக்கில் மின்சாரம் போதாமல் போகும் என்று 1998-லேயே அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை எழுதி வைத்திருந்தது. ஆனால் தனியார் வந்து மின்நிலையம் கட்டுவார்கள் என்ற நம்பிக்கையில், புதிதாகக் கட்ட வேண்டாம் என்று எஸ்காமைத் தடுத்து வைத்தார்கள். தனியார் வரவில்லை. மலிவு விலையில் கரண்ட் விற்கும் ஊரில் எவன் பணம் போடுவான்? 2004-ல் முடிவை மாற்றியபோது நேரம் கடந்துவிட்டது. 2008 ஜனவரியில் நாடு இருண்டது. அதற்குப் பிறகு நடந்த திருட்டையும் ஊழலையும் நான் மறைக்கவில்லை. கடன் ஏறி ஏறி, 2023-ல் அரசாங்கம் 25,400 கோடி ரேண்டைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. அதில் நம்மவர்கள் கையும் உண்டு, தனியார் கம்பெனிகளின் கையும் உண்டு. ஆனால் முதல் இருட்டு விற்கலாமா வேண்டாமா என்று தயங்கியதில் வந்தது.

லோட்ஷெடிங் என்று ஏரியா ஏரியாவாக முறைவைத்துக் கரண்டை நிறுத்திய நாட்களில் மக்கள் கரண்ட் போனதைத்தான் திட்டுவார்கள். எங்களுக்கோ அது திரும்பி வரும்போதுதான் வயிற்றைக் கலக்கும். இரண்டு மணி நேரம் கழித்து வரும்போது ஒரு தெருவின் எல்லா கீசரும் எல்லா ஃப்ரிட்ஜும் ஒரே நொடியில் இழுக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் முதலில் முனகும், அப்புறம் டமார். எரிந்த எண்ணெய் வாசம் மறுநாளும் சட்டையில் இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் தாமிரக் கேபிளை வெட்டிக்கொண்டு போகிறவர்கள் வேறு.

2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை எவ்வளவோ தேவலாம். இதற்கிடையில் என்ன நடந்தது பாருங்கள். எஸ்காமை மூன்றாகப் பிரிக்கப் போவதாக 2019-ல் அறிவித்தார்கள். 2024 ஜூலை 1-ல் மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் கம்பியை மட்டும் பார்க்கும் கம்பெனி தனியாக இயங்க ஆரம்பித்தது. அடுத்த பத்து வருடத்தில் 14,000 கிலோமீட்டர் புதிய லைன் வேண்டும், அதில் தனியார் பணமும் வேண்டும் என்கிறார்கள். இது தனியார்மயமா என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஒருவேளை இல்லைதான். புது லைன் வேண்டும் என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை வேறு. ஜானி கிளெக் மாதிரி யாராவது வந்து, "இதுதான் கடைசி, வந்து பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் நாமும் வாசலில் நின்றிருப்போம். தடுத்திருப்போமோ, சரி என்றிருப்போமோ, நின்றிருப்போம். சட்டத் திருத்தத்துக்கும் டெண்டருக்கும் யார் வாசலில் போய் நிற்பது?

நாம் மட்டும் சொல்லிக்கொண்டா போனோம்? என் வீட்டுக் கூரையிலும் சோலார் இருக்கிறது. நாட்டில் இப்படிக் கூரை மேல் ஏறியது 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காசு உள்ளவன் பில்லைக் குறைத்துக்கொள்கிறான். பழைய கம்பியின் செலவு, அதையே நம்பி இருக்கிறவர்கள் தலையில் இறங்குகிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு ப்ரீபெய்டு மீட்டர். மாதக் கடைசியில் அது கீச் கீச் என்று கத்துவது சுவரைத் தாண்டிக் கேட்கும். ஒருநாள் ஃப்ரிட்ஜில் பேத்தியின் இன்சுலின் இருக்கிறது என்றார். சுவர் மேலாக ஒரு வயரை இழுத்துக் கொடுத்தேன். அது விதிக்குப் புறம்பு, நானே பலருக்கு அபராதம் எழுதிக் கொடுத்த விஷயம். மறுநாள் வயரை அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு டப்பா பீன்ஸ் கறியோடு திருப்பிக் கொடுத்தார். "ஒரு யூனிட் எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் ஆகிவிட்டது. ஒரு பாட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். மண்டேலாவின் படத்தைக்கூட அச்சிட முடியாத 1987-ல், "நாங்கள் அவரைப் பார்க்கவில்லை" என்று ஜானி பாடிய பாட்டு. சூலுவும் ஆங்கிலமும் கலந்தது. அதில் வரும் பெயர்களில் ஒருவர், இனவெறி ஆட்சியை எதிர்த்த வக்கீல் விக்டோரியா ம்ஷெங்கே; அவரை நமக்குப் பக்கத்து ஊரான உம்லாசியில் வெட்டிக் கொன்றார்கள். தமிழ் நேரத்தில் சூலுப் பாட்டா என்று கேட்பவர்கள் ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்யலாம். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.