பனிக்கட்டி மாளிகையும் ஒரு கவிஞனின் முதுகும்: லஜேச்னிக்கோவின் நாவல்

அவையோருக்கு வணக்கம். சரித்திர நாவலாசிரியரைப் பற்றிப் பேச வந்தவர் ஐஸ் கட்டியில் தொடங்குகிறாரே என்று பார்க்காதீர்கள். ரஷ்ய எழுத்தாளர் இவான் லஜேச்னிக்கோவின் பலமும் பலவீனமும் அந்த ஐஸுக்குள்ளேதான் இருக்கின்றன.

1740 குளிர்காலம், பீட்டர்ஸ்பர்க். ரஷ்யப் பேரரசி அன்னா இவானோவ்னாவின் பொழுதுபோக்குக்காக நேவா ஆற்றை ஒட்டி ஐஸாலேயே ஒரு மாளிகை எழுப்பினார்கள். நீளம் சுமார் 17 மீட்டர், அகலம் 5 மீட்டருக்குச் சற்று மேல், உயரம் 6 மீட்டருக்குச் சற்று மேல். ஆற்றிலிருந்தே பாளங்களை வெட்டி எடுத்து, காம்பஸும் அளவுகோலும் வைத்துச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் கிடையாது. இரண்டு பாளத்துக்கு நடுவே தண்ணீர் ஊற்றினால் அது உடனே உறைந்து ஒட்டிக்கொள்ளும். வாசலில் ஆறு ஐஸ் பீரங்கிகள். ஒவ்வொன்றுக்கும் கால் பவுண்டு, அதாவது நூறு கிராம் அளவுக்குத்தான் வெடிமருந்து. கூடினால் பீரங்கியே சிதறிவிடும். அந்தக் கொஞ்ச மருந்திலேயே குண்டு அறுபது காலடித் தூரத்துக்கு அப்பால் இரண்டு அங்குலப் பலகையைத் துளைத்தது. பக்கத்தில் ஐஸ் யானை ஒன்று. பகலில் துதிக்கையால் 24 அடி உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும், இரவில் எரியும் நாஃப்தா எண்ணெயைக் கக்கும். பிளிறலும் கேட்கும், உள்ளே ஆளை உட்கார வைத்து ஊத வைத்திருந்தார்கள்.

இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் அறிவியல் அகாதமியைச் சேர்ந்த கிராஃப்ட். மாளிகையை அளந்து, படங்களோடு தனி நூலாகவே எழுதி வைத்துவிட்டார்.

மாளிகை எதற்கு? ஒரு கல்யாணத்துக்கு. கோலித்சின் என்ற இளவரசர் கத்தோலிக்கராக மாறியதற்குத் தண்டனையாக அரசவைக் கோமாளி ஆக்கப்பட்டிருந்தார். அவருக்கும் புழெனினோவா என்ற கல்மிக் இனப் பணிப்பெண்ணுக்கும் திருமணம் முடித்து, இருவரையும் கூண்டில் வைத்து யானைமேல் ஊர்வலம் விட்டு, இரவு அந்த மாளிகையின் ஐஸ் படுக்கையிலேயே அடைத்தார்கள்.

இதைத்தான் லஜேச்னிக்கோவ் 1835இல் ‘பனிக்கட்டி மாளிகை’ என்ற நாவலாக்கினார். கொலோம்னா ஊர் வணிகர் வீட்டுப் பிள்ளை. 1812இல் நெப்போலியன் படையெடுத்தபோது பெற்றோருக்குத் தெரியாமல் வீட்டை விட்டு ஓடிப் பட்டாளத்தில் சேர்ந்து, பாரிஸ் வரை போனவர். 1819இல் இளம் கவிஞர் புஷ்கினுக்கும் ஒரு மேஜருக்கும் நடக்கவிருந்த துப்பாக்கிச் சண்டையை இடையில் புகுந்து தடுத்தவரும் இவரே. பென்ஸா மாநிலப் பள்ளிகளின் இயக்குநராக இருந்தபோது செம்பார் பள்ளியைப் பார்வையிடப் போய், ஒரு சிறுவனின் பதில்களைக் கேட்டு அசந்துபோனார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்து விமர்சகர் பெலின்ஸ்கி. பேரரசர் பீட்டர் காலத்துப் போரை வைத்து எழுதிய ‘கடைசி நோவிக்’ நாவலுக்காக பால்டிக் கடலோர லிவோனியாவில் கதை நடக்கும் இடங்களையே சுற்றிப் பார்த்தவர்.

‘பனிக்கட்டி மாளிகை’யின் சிறந்த இடம் எது என்றால், கல்யாணத்தைச் சொல்லத் தோன்றவில்லை. பேரரசியிடம் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ஜெர்மானியர் பிரோன்மீது புகார் கொண்டுவரும் ஒரு உக்ரைனியரைப் பிடித்து, கடுங்குளிரில் அவர்மீது தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சிலையாக உறைய வைக்கும் காட்சி அது. கற்பனைதான். ஆனால் கிராஃப்டின் நூலில் வேடிக்கைப் பொருளாக இருந்த ஐஸ், இங்கே கொடுங்கோன்மையின் கருவியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு மாளிகையின் வெளிச்சத்தை வாசகரால் ரசிக்க முடியாது. சரித்திர நாவல் செய்ய வேண்டிய வேலை இதுவே.

சறுக்கியது எங்கே? மனிதர்களில். அமைச்சர் வொலீன்ஸ்கியை பிரோனை எதிர்த்து உயிர்விட்ட தேசபக்தராகவும், மொல்டாவிய இளவரசியின் காதலராகவும் ஆக்கினார். கவிஞர் திரெதியாக்கோவ்ஸ்கியைத் தற்பெருமை பிடித்த கோமாளிப் புலவராக்கினார். ஆவணம் வேறு மாதிரி பேசுகிறது. அந்தக் கல்யாண விழாவின் பொறுப்பாளரே வொலீன்ஸ்கிதான். விழாவுக்குப் பாட்டு எழுதச் சொல்லி ஆள் அனுப்பியது பற்றி முறையிட வந்த கவிஞரைக் கன்னத்தில் அறைந்தார். கவிஞர் பிரோனிடம் போய்ப் புகார் சொல்லக் காத்திருந்தபோது, அங்கேயே பிடித்து இழுத்து வந்து தடியால் அடிக்க வைத்தார். முதுகு புண்ணாக, முகமூடி போட்டுக்கொண்டு, கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் படித்தார் திரெதியாக்கோவ்ஸ்கி. ரஷ்ய யாப்பைச் சீரமைக்கும் நூலை 1735இலேயே வெளியிட்டிருந்த மனிதர் அவர்.

அடி வாங்கிய கவிஞர் அகாதமிக்கு எழுதிய முறையீட்டைப் புஷ்கின் படித்திருந்தார். 1835 நவம்பரில் லஜேச்னிக்கோவுக்குக் கடிதம் எழுதினார்: நாவலின் பல பக்கங்கள் ரஷ்ய மொழி உள்ளவரை வாழும்; ஆனால் சரித்திர உண்மை காக்கப்படவில்லை; மரியாதைக்குரிய திரெதியாக்கோவ்ஸ்கியைப் பரிகசித்தது தவறு. பிரோனுக்காகவும் சற்று வாதாடினார். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கவிஞர் விஷயத்தில் புஷ்கின் பக்கமே நியாயம். லஜேச்னிக்கோவ் பதில் எழுதினார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் இப்படி நேர்ந்தது? ஐஸுக்கு கிராஃப்ட் இருந்தார், அளவு இருந்தது. மனிதர்களுக்கு லஜேச்னிக்கோவ் நம்பியது வாய்வழிக் கதைகளை. நூறாண்டாகப் புலவர் கூட்டம் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த திரெதியாக்கோவ்ஸ்கி கதைகள் அவை. வில்லனுக்கு எதிரில் ஒரு வீரன் வேண்டும் என்ற நாவல் இலக்கணம் மீதியைச் செய்தது.

1740 ஜூன் 27 அன்று வொலீன்ஸ்கியின் தலை வெட்டப்பட்டது. மாளிகையைக் கட்டிய கட்டடக் கலைஞர் யெரோப்கினும் அதே நாளில் கொல்லப்பட்டார். மாளிகை மார்ச் இறுதியிலேயே உருகிவிட்டது. அடிபட்ட கவிஞருக்கு நஷ்ட ஈடாகக் கிடைத்தது 360 ரூபிள். அவருடைய ஓராண்டுச் சம்பளம்.