வாளி மங்கான பிறகு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் தொடங்கி, அரசாங்க மருந்தகத்தில் பணி ஓய்வு பெறும்வரை 31 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள் நான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு அருகில் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். என் சொந்தக் குடும்பத்திலேயே அண்ணி ஒரு வகை அறுவையையும் தங்கை இன்னொரு வகை அறுவையையும் செய்துகொண்டு, இரண்டு விதமான வாழ்க்கையை வாழ்ந்துவருகிறார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை கிலோ இறங்கியது?" அறுவைக்குப் போக நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதற்குப் பிறகு நான் என்ன சாப்பிடுவேன், எப்படிச் சாப்பிடுவேன், எந்த மாத்திரையை எத்தனை ஆண்டு விழுங்குவேன் என்பதே அது. இன்று நான் சொல்லப்போவது முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேர் மிகை எடையோடோ உடற்பருமனோடோ இருப்பது தெரியவந்தது. 2023-இல் அது 54 விழுக்காட்டுக்கும் மேலே போய்விட்டது. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு எழுந்து, மேடும் பள்ளமுமாக நிரை நிரையாய் ஏறி இறங்கிப் பால்மரம் வெட்டியவர்களின் தட்டில் இருந்த சோற்றின் அளவு, பட்டணத்துத் தாமான் குடியிருப்பில் குடியேறிக் காவலர் கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கும் பிள்ளைகளின் தட்டிலும் அப்படியே இருக்கிறது. இதற்காக யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். எடையைக் குறைக்கக் குறைக்க உடம்பு பசியைக் கூட்டித் தன் பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும். அதோடு மல்லுக்கட்டித் தோற்றவர்கள் எத்தனையோ பேரை மருந்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது அறுவை வகைகளுக்கு வருகிறேன். பால் வெட்டிய குடும்பங்களுக்கு, மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் சின்னக் கிண்ணமான மங்கையும், அந்தப் பாலைச் சேர்த்து ஊற்றும் வாளியையும் விளக்க வேண்டியதில்லை. வாளியளவு கொள்ளும் இரைப்பையை மங்களவுக்குக் குறைப்பது எல்லா வகைக்கும் பொதுவான வேலை. குறைக்கும் வழிதான் வேறு.

முதலாவது ஸ்லீவ். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம்போல் ஒடுங்கிய குழாய். எடுக்கப்படும் பகுதியில்தான் கிரெலின் என்னும் பசி ஹார்மோன் பெரும்பங்கு சுரக்கிறது. ஆகவே கொள்ளளவோடு பசியும் குறைகிறது. குடலைத் தொடுவதில்லை. எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய அறுவையின் முதற்கட்டமாக மட்டுமே ஒரு காலத்தில் இதைச் செய்தார்கள். முதற்கட்டத்திலேயே பலருக்கு எடை போதுமான அளவு இறங்கியதைக் கண்டபின் இதுவே தனி அறுவையாகி, இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவதாகவும் ஆகிவிட்டது.

இரண்டாவது பைபாஸ். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள். இது இதய அறுவை அன்று. இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு கோழிமுட்டையளவு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். ஆனால் சோறு அந்தப் பக்கம் போகாது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பிறகு, நம் பட்டணத்துப் பழைய சாலை வழியே போய்க்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் ஊருக்குள் நுழையாமலே ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் போகத் தொடங்கினவே, அதேபோலத்தான். பழைய சாலை இருக்கிறது, கடைகளும் இருக்கின்றன, வியாபாரம்தான் இல்லை. இரும்புச் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் உடம்பு பெரும்பாலும் வாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பழைய சாலையோரக் கடைகளில்தான் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இது வேண்டியிருக்கும்.

பைபாஸின் பிறப்பையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் அறுவை மருத்துவர், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் எவ்வளவு முயன்றாலும் பருக்காமல் இருப்பதைக் கவனித்து, அந்தக் குறையையே மருந்தாக்க எண்ணி 1966-இல் இதைத் தொடங்கினார். அன்று முதல் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன.

வேறு வகைகளும் உண்டு. இரைப்பையின் மேல் வளையம் மாட்டும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. வளையம் நழுவியும் அரித்தும் தொல்லை தந்து, பலருக்கு அதைக் கழற்ற வேண்டி வந்ததால் இன்று அருகிவிட்டது. ஒரே ஓர் இணைப்போடு செய்யும் சிறு பைபாஸ் உண்டு. குடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் இன்னொரு முறையில் எடை மிக அதிகமாக இறங்கும், சத்துக் குறைவும் மிக அதிகமாக வரும்.

ஸ்லீவா, பைபாஸா? பொதுவாக ஸ்லீவில் மொத்த எடையில் கால் பங்கும், பைபாஸில் 30 விழுக்காடும் ஓரிரு ஆண்டுகளில் இறங்குகின்றன. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பைபாஸ் கூடுதலாக உதவுகிறது. எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களுக்குள், இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வருவதை நானே கண்டிருக்கிறேன். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் ஏற்கெனவே இருப்பவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம், பைபாஸ் தணிக்கும். என் தங்கைக்கு ஸ்லீவ் செய்தார்கள். எடை அருமையாக இறங்கியது. ஆனால் இன்றும் இரண்டு தலையணையை உயர்த்தி வைத்துத்தான் தூங்குகிறாள், தினமும் அமில மாத்திரை சாப்பிடுகிறாள். அறுவைக்கு முன் அவளுக்கு நெஞ்செரிச்சல் இருந்ததை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

இனி அண்ணியின் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு 2015-இல் பைபாஸ் நடந்தது. பல ஆண்டுகளாக இருந்த இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, கட்டுக்குள் வந்தது. ஊசியும் மருந்தும் நின்றன. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும்போது சத்து மாத்திரைகளை மூன்று மாதத்துக்குக் கொடுத்தார்கள். அவை தீர்ந்த பிறகு ஓராண்டு வரை கடையில் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, "உடம்புதான் நன்றாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். உயிருள்ளவரை சாப்பிட வேண்டும் என்று அவரிடம் ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்கு நடந்து வந்த அண்ணி, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது ஒரு காலில் மட்டுமே செருப்பு இருந்தது. இன்னொன்று நூறு அடி தள்ளிச் சாலையோரத்தில் கிடந்தது. கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் கல்லிலும் தாரிலும் வெறுங்காலோடு நடந்தும் தெரியவில்லை. காலைப் பார்த்த ஒருவர், பழைய இனிப்பு நீரின் வேலை இது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீரிழிவு கட்டுக்குள் இருக்கும்போது, அதுவும் பைபாஸ் செய்தவருக்குக் கால் மரத்தால், பி12 உயிர்ச்சத்தைப் பார்க்க வேண்டாமா? இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அது மிகவும் குறைந்திருந்தது. உணவிலிருந்து பி12-ஐ உடம்பு பெற இரைப்பையின் அமிலமும், இரைப்பை சுரக்கும் ஒரு புரதமும் தேவை. சோறு அந்தப் பக்கமே போகாதபோது அது எங்கே கிடைக்கும்? ஈரலில் இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறை உடனே வெளியில் தெரிவதில்லை. முதலில் நெருக்கமாகவும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஊசி போட்டோம். மரத்திருந்த கைவிரல்கள் தேறிவிட்டன. கால்விரல் நுனிகளில் இன்றும் முழு உணர்ச்சி இல்லை.

மீண்டும் சொல்கிறேன், சமைத்துக்கொண்டே கேட்பவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன்: பைபாஸ் செய்தவர்கள் பி12, இரும்பு, சுண்ணாம்பு, டி உயிர்ச்சத்து ஆகியவற்றை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் மாத்திரை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தப் பரிசோதனை வேண்டும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். தேநீரோடு இரும்பு மாத்திரை கூடவே கூடாது.

தேநீர் என்றதும் இன்னொன்று. அறுவைக்குப் பின் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். நம் வீடுகளில் இது எளிதன்று, ரொட்டி சானாயும் டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக்கும் ஒன்றாக மேசைக்கு வருவதுதான் நம் வழக்கம். அந்த டின் பாலில் இருக்கும் சீனி பைபாஸ் செய்தவரின் குடலில் விரைவாக இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், தலை சுற்றும். திருவிழா அன்னதானத்தில் இரண்டு கரண்டிப் பாயசம் குடித்த அண்ணி, பந்தியிலிருந்து எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள். நான் அவரைப் படுக்கவைத்து விசிறினேன். சற்று நேரத்தில் தணிந்தது.

புரதம் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விரதத்தை விடச் சொல்லவில்லை; முட்டையும் மீனும் இல்லாத நாட்களில் சோயாவில் செய்த தெம்பே, தௌஹு, அவற்றோடு பருப்பு, தயிர் ஆகியவற்றைத் தட்டில் முதலில் வைத்து, சோற்றைக் கடைசியில் வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் தலைமுடி கொட்டும். பயப்பட வேண்டாம், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். இளம்பெண்களைப் பற்றித் தனியாகப் பேச எண்ணியிருந்தேன், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்க வேண்டாம். எடை இறங்கும்போது, நெடுநாள் குழந்தையில்லாதவர்களுக்கும் எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு, எனவே முன்னேற்பாடு தேவை. மதுவைப் பற்றி ஆண்கள் கேளுங்கள்: அறுவைக்குப் பின் அது சீக்கிரமாகவும் கடுமையாகவும் ஏறும், பழக்கமும் விரைவில் பற்றிக்கொள்ளும். பைபாஸ் செய்தவர்கள் மூட்டுவலிக்குக் கடையில் கிடைக்கும் வலிமாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது. இணைப்பில் புண் வரலாம். நாட்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் வீட்டுவைத்தியம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், என்ன அறுவை, எந்த ஆண்டு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அண்ணி அதை ஓர் அட்டையில் எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பணப்பையில் வைத்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.