எர்தா கிட்: வெள்ளை மாளிகையில் வாய் திறந்த பாடகி

[திரை: கறுப்பு வெள்ளைப் படம். மைக் முன்னால் எர்தா கிட்]

இந்தக் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் அடுத்த தடவை பெயர் சொல்லாமலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். லேசாக நடுங்கும். ‘ர’ வருகிற இடமெல்லாம் பூனை உறுமுவதுபோல் உருளும். ‘உஸ்கா தாரா’ என்ற துருக்கி நாட்டுப்பாட்டைக் கேளுங்கள். துருக்கி மொழியில் பாடிக்கொண்டே வருவார், நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவி நம் காதோரம் கதை சொல்வார், மறுபடி பாட்டுக்குள் போய்விடுவார்.

பிறந்தது 1927, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துப் பருத்திக்காட்டு வறுமையில். கலப்பு நிறம் என்பதால் கறுப்பினத்தவரும் ஒதுக்கினார்கள், வெள்ளையரும் ஒதுக்கினார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் உறவுக்காரப் பெண்ணிடம் வளர்ந்து, பதினாறு வயதில் கேத்தரின் டன்ஹாமின் நடனக்குழுவில் சேர்ந்தார். குழுவோடு ஐரோப்பா போனவர், பாரிஸிலேயே தங்கி இரவு விடுதிகளில் பாடினார். 1950இல் ஹாலிவுட் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தன் நாடகத்தில் அவரை ட்ராய் நகரத்து ஹெலனாக நடிக்கவைத்தார். 1952இல் நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வே. அடுத்த வருடமே ‘சே சி போன்’, ‘சாண்டா பேபி’ என்று வரிசையாக ஹிட். 1967இல் டிவி ‘பேட்மேன்’ தொடரில் கேட்வுமன் என்ற வில்லி வேடம். அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகம்.

[திரை: 18 ஜனவரி 1968, வெள்ளை மாளிகை]

இந்த நாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிபர் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட், பெண்களுக்கு மட்டும் ஒரு மதிய விருந்து வைத்தார். தெருக்களில் குற்றங்களைக் குறைப்பது எப்படி என்பதுதான் பேச்சு. இளைஞர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று கேட்டபோது எர்தா கிட் எழுந்தார். வியட்நாம் போர்தான் காரணம், நாட்டின் நல்ல பிள்ளைகளைச் சாகவும் ஊனமாகவும் அனுப்புகிறீர்கள், அதனால்தான் அவர்கள் தெருவில் இறங்குகிறார்கள் என்று அதிபரின் மனைவியிடம் நேருக்கு நேர் சொன்னார். லேடி பேர்டின் குரல் தழுதழுத்தது. மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் பேசின.

அவர் சண்டைக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்டு அழைத்தார்கள், பதில் சொன்னார். அந்தப் பதிலுக்கு அமெரிக்காவில் மேடை வாய்ப்புகள் வற்றிப்போயின. பல வருடங்கள் பெரும்பாலும் வெளிநாடுகளில்தான் பாடிப் பிழைத்தார். விருந்து முடிந்த சில நாட்களிலேயே சி.ஐ.ஏ. அவரைப் பற்றி ஒரு கோப்பு தயாரித்திருந்தது. 1975இல் நியூயார்க் டைம்ஸ் அதை அம்பலப்படுத்தியது. உள்ளே இருந்ததில் பெரும்பகுதி அவருடைய அந்தரங்கத்தைப் பற்றிய வம்புப் பேச்சு. ஒரு பாடகியின் கருத்துக்கு அரசாங்கம் செய்த இந்த வேலையை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது என்பது என் கருத்து.

[திரை: பிராட்வே, 1978]

‘டிம்பக்டு’ என்ற இசைநாடகத்தில் திரும்பி வந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கட்டுமஸ்தான ஒரு நடிகர் அவரை ஒற்றை உள்ளங்கையில் தூக்கிப் பிடித்தபடி மேடைக்குக் கொண்டுவந்தார்! பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரையும் கிடைத்தது. அதிபர் கார்ட்டர் அவரை வெள்ளை மாளிகைக்கே அழைத்து வரவேற்றார்.

2000இல் டிஸ்னியின் ‘தி எம்பரர்ஸ் நியூ க்ரூவ்’ படத்தில் இஸ்மா என்ற வில்லிக்குக் குரல் கொடுத்தார். கேட்வுமனைப் பார்த்தே இராத குழந்தைகள்கூட அந்த உறுமலை ரசித்தார்கள். 2008இல் இறக்கும்வரை பாடிக்கொண்டுதான் இருந்தார். புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ‘உஸ்கா தாரா’வில் தொடங்குங்கள், அப்புறம் ‘சே சி போன்’.