டி.எம்.ஆரா, பி25ஆ? தெரியாத டிஜிட்டல் சிக்னலுக்குப் பெயர் கண்டுபிடிப்பது

வணக்கம் நண்பர்களே. சேனல்களை ஒவ்வொன்றாகத் தேடும் ரேடியோ ஸ்கேனர் ஓர் அலைவரிசையில் நிற்கிறது. பேச்சு வரவேண்டிய இடத்தில் கரகரவென்று ஒரே இரைச்சல். குரலை எண்களாக்கி அனுப்பும் டி.எம்.ஆர்., பி25 போன்ற வாக்கி டாக்கி முறைகளில் ஒன்றாக அது இருக்கலாம். உடனே, அந்த இரைச்சலைப் பேச்சாக மாற்றும் மென்பொருளான டிகோடரைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு தேர்வையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பதுதான் நம்மில் பலருடைய பழக்கம். டிகோடரைக் கடைசியில் திறந்தால் போதும், அதற்கு முன்பே சிக்னல் தன்னைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது என்பதைத்தான் இன்று காட்டப் போகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில் என்பதால், கடைகளும் மருத்துவமனைகளும் கட்டுமான நிறுவனங்களும் பேசிக்கொள்ளும் 450 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது, கணினியில் செருகி ரேடியோ கேட்க உதவும் ஆர்.டி.எல். வகை டாங்கிள்தான். விலை குறைந்த டாங்கிள்களில் அலைவெண் சற்று விலகி நிற்கும். பத்து லட்சத்துக்கு முப்பது பங்கு விலகினாலே, 450 மெகாஹெர்ட்ஸில் அது 13.5 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதாவது, நீங்கள் பார்ப்பது பக்கத்துச் சேனலாக இருக்கலாம். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை இருபத்து நான்கு மணி நேரமும் ஒலிக்கும், அமெரிக்க அரசின் நோவா வானிலை ஒலிபரப்பு ஒன்றைத் திரையில் வைத்து, அது சரியான இடத்தில் நிற்கும்வரை திருத்தத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மேலே போவதில் பொருளில்லை.

அடுத்தது அகலம். சிக்னல்களைத் திரையில் ஓடும் படமாகக் காட்டும் வாட்டர்ஃபாலைப் பெரிதாக்கி, சிக்னலின் இரு ஓரங்களுக்கும் இடையே எவ்வளவு என்று பாருங்கள். நான்கு கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஒல்லியாக இருந்தால், கென்வுட், ஐகாம் கருவிகளில் வரும் என்.எக்ஸ்.டி.என். என்ற டிஜிட்டல் முறை என்று முதலில் சந்தேகிக்கலாம். இருபத்தைந்து கிலோஹெர்ட்ஸை முழுவதும் நிரப்பி, மேற்புறம் தட்டையாக, ஓரங்கள் செங்குத்தாக நின்றால் அது பெரும்பாலும் டெட்ரா என்ற முறை. ஐரோப்பாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பழகிய உருவம், இங்கே அபூர்வம்.

சிக்கல் வருவது ஏழெட்டு கிலோஹெர்ட்ஸ் அகலத்தில்தான். டி.எம்.ஆர்., பி25 முதற்கட்டம் இரண்டும் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் உட்காருகின்றன, இரண்டும் நொடிக்கு 4,800 குறியீடுகளை (தரவின் சிறு அலகுகளை) அனுப்புகின்றன, இரண்டும் நான்கு நிலை அலைவெண் மாற்றத்தையே பயன்படுத்துகின்றன. வாட்டர்ஃபாலில் பார்த்து இவற்றைப் பிரித்துவிட முடியும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பிரிப்பது நேரம். டி.எம்.ஆர். ஒரே சேனலை 30 மில்லிவிநாடி கொண்ட இரண்டு நேரப் பகுதிகளாகப் பங்கு போடுகிறது. கையில் பிடித்துப் பேசும் வாக்கி டாக்கி தன் முறையில் மட்டும் ஒலிபரப்பி, அடுத்தவர் முறையில் அணைந்துவிடும். ஆகவே காதில் விழுவது தொடர் இரைச்சலாக இல்லாமல், தூரத்தில் ஹெலிகாப்டர் பறப்பதுபோல் படபடவென்று துடிக்கும். சிக்னல் இல்லாதபோது ஒலியை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்துவிட்டுப் பதிவு செய்து, அதை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் விரித்துப் பாருங்கள். அளவாக எழுந்து அடங்கும் தரவு ஒரு துண்டு, அதைவிட உயரமான வெறும் இரைச்சல் ஒரு துண்டு என்று மாறி மாறி வரும். இரண்டும் சேர்ந்து 60 மில்லிவிநாடி அளந்தால் டி.எம்.ஆர். கைக்கருவிதான். கருவிகளின் சிக்னலை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் நிலையமான ரிப்பீட்டரோ இரண்டு நேரப் பகுதிகளையும் நிரப்பி இடைவிடாமல் ஒலிபரப்பும். எனவே துடிப்பு கேட்கிறது என்றால், ரிப்பீட்டரை அல்ல, பேசுகிற ஆளின் கருவியையே நேராகக் கேட்கிறீர்கள். அவர் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறார். இந்தப் பட்டையில் ரிப்பீட்டரின் வெளியீடு வழக்கமாகச் சரியாக 5 மெகாஹெர்ட்ஸ் கீழே இருக்கும். அங்கே போய்த் தேடுங்கள். டாங்கிள் ஒரே நேரத்தில் காட்டுவது சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க இயலாது.

பி25 முதற்கட்டத்தில் இந்தப் பங்கீடு கிடையாது. பேச்சு 180 மில்லிவிநாடித் துண்டுகளாக, துண்டுக்கு ஒன்பது குரல் சட்டகங்களுடன், இடைவெளி இல்லாமல் ஓடும்.

ஆனால் கிடைப்பது ரிப்பீட்டர் மட்டும் என்றால் துடிப்பு உதவாது. அப்போது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் உரிமத் தரவுத்தளத்தில் அந்த அலைவெண்ணைத் தேடுங்கள். நிறுவனத்தின் உரிமத்தில் ஒலிபரப்பின் வகையைச் சொல்லும் ஒரு குறியீடு இருக்கும். 7 கே 60 எஃப் எக்ஸ் இ என்றால் 7.60 கிலோஹெர்ட்ஸ் அகலம், அலைவெண் பண்பேற்றம், கடைசி எழுத்து குரலைக் குறிக்கிறது, டி.எம்.ஆருக்கு வழக்கமாகப் போடுவது இதுதான். 8 கே 10 எஃப் 1 இ பி25க்கு உரியது, 4 கே 00 எஃப் 1 இ என்.எக்ஸ்.டி.என்னுக்கு. கடைசி எழுத்து டி என்றால் தரவு. ஒரே உரிமத்தில் நான்கைந்து குறியீடுகளை எழுதி வைப்பவர்களும் உண்டு என்பதால், இது வலுவான சாட்சியே தவிரத் தீர்ப்பு அல்ல.

இப்போது டிகோடரைத் திறக்கலாம். அதற்குப் போகும் ஒலியில் எந்த வடிகட்டியும் இருக்கக் கூடாது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது: டி.எம்.ஆரில் குரலுக்கான ஒத்திசைவுக் குறியை (டிகோடர் அடையாளம் காணும் நிலையான வடிவத்தை) தலைகீழாக்கினால் தரவுக்கான குறி அப்படியே கிடைத்துவிடும். ஆகவே ஒலி எங்கேயாவது தலைகீழாகிப் போனால், ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே டிகோடர் தரவு, தரவு என்று காட்டும். அப்படிக் காட்டினால் சிக்னலைச் சந்தேகிக்காமல், தலைகீழ்த் தேர்வை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

பி25 என்று உறுதியானபின், பேச்சு பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்லும் அல்காரிதம் எண்ணைப் பாருங்கள். 80 என்றால் திறந்த பேச்சு. 84 என்றால் ஏ.இ.எஸ். 256 என்ற வலுவான பூட்டு, அதோடு நம் வேலை முடிந்தது. பூட்டிய பேச்சை உடைப்பது இங்கே சட்டப்படி குற்றம். பேஜர் எழுத்துச் செய்திகளை இடைமறிப்பதும் 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டத்தின் தடைக்குள் வருகிறது. இந்தியாவிலிருந்து பார்ப்பவர்கள், ரேடியோ கருவி வைத்திருப்பதற்கே அங்கே தனி விதிகள் உண்டு என்பதால், வாங்குவதற்கு முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

டிகோடர் எதையும் அடையாளம் காணாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். குடிநீர்க் குழாய்களின் அழுத்தத்தையும் தொட்டிகளின் மட்டத்தையும் அனுப்பும் கருவிகள் இந்தப் பட்டையில் ஏராளம், அவற்றில் பலவும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த நெறிமுறையில் ஓடுகின்றன. அவற்றுக்கு ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். அலைவெண், அகலம், குறியீட்டு வேகம், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, உரிமத்தின் கடைசி எழுத்து டியா என்பவற்றை மட்டும் குறித்துவிட்டு, அடுத்த சேனலுக்குப் போய்விடுங்கள்.