2-ஐ மட்டும் நம்பினா 4294967297 ஏமாத்திடும்

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "4294967297-க்கு ஃபெர்மா சோதனை போட்டேன். 2-ஐ வச்சுப் பார்த்தா மீதி 1 வருது. அப்ப இது பகா எண்தானே?"

இல்லீங்க. பகு எண். 641 × 6700417. ஆனா ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா நீங்க போட்ட கணக்குல தப்பே இல்ல. ஒற்றைப்படைப் பகா எண்ணுன்னா, 2-ஐ அந்த எண்ணுல ஒண்ணு குறைச்ச அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால வகுத்தா மீதி 1 வரணும். அதுதான் ஃபெர்மா சோதனை.

இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்கு கூட்டல் 1. அதனால 2-இன் 32-ஆம் அடுக்கை இதால வகுத்தா மீதி −1. வர்க்கப்படுத்துங்க, 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. சோதனையில வர்ற அடுக்கு, எண்ணுல ஒண்ணு குறைச்சது, அதுவே 2-இன் 32-ஆம் அடுக்கு. அது 64-ஆல வகுபடும். அப்ப மீதி 1 வந்தே தீரும், இது பகா எண்ணா இருந்தாலும் சரி, பகு எண்ணா இருந்தாலும் சரி! 3-ஐ வச்சுப் போட்டிருந்தா குட்டு வெளிப்பட்டிருக்கும். இன்னொண்ணு, நிரல்ல 32 பிட் மாறியில இதைப் போட்டுடாதீங்க, வெறும் 1-தான் மிஞ்சும்.

2-இன் 1, 2, 4, 8, 16, 32-ன்னு இரட்டிச்சுக்கிட்டே போற அடுக்குகளோட 1 கூட்டினா வர்ற வரிசையில இது ஒண்ணு. 1640-ல பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவே இந்த வரிசை முழுக்க பகா எண்ணுன்னு நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரைக்கும் சரி. அடுத்ததுலயே கவுந்துச்சு. கணித மேதை ஆய்லர் 1732-ல உடைச்சார்.

எப்படி? வழக்கமா இங்க சொல்றதுதான்: வகுக்கறதுக்கு முன்னாடி வடிகட்டுங்க. 4294967297-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 65536. அதுக்குள்ள 6542 பகா எண் இருக்கு. எல்லாத்தாலயும் வகுக்கணுமா? வேண்டாம். மேல பார்த்த அந்த 64 இருக்கே, அதனால எந்தப் பகாக் காரணியா இருந்தாலும் 64-இன் மடங்கு கூட்டல் 1-ஆதான் இருக்கணும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுலயே மாட்டிக்கிச்சு.

இதை யாரும் கேட்கல, ஆனா கேட்டிருக்கணும்: 6700417 பகா எண்ணுன்னு எப்படித் தெரியும்? மறுபடியும் வடிகட்டுங்க. பின்னாடி பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக்கினார், அதாவது காரணி 128-இன் மடங்கு கூட்டல் 1-ஆ இருக்கணும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும். 257 ஏற்கெனவே போயாச்சு. மிச்சம் 641, 769, 1153, 1409. மீதி முறையே 44, 120, 334, 622, எதாலயும் வகுபடல. நாலே வகுத்தல், வேலை முடிஞ்சது.

அதைவிட அழகான கேள்வி, 4294967297 எத்தனை விதமா ரெண்டு வர்க்கங்களோட கூட்டல்ங்கறது. 65536² + 1² தெரிஞ்சதுதான். 62264² + 20449² போட்டுப் பாருங்க, அதே எண். ரெண்டு விதமா எழுத முடிஞ்சாலே பகு எண், காரணி கையில கிடைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடலாம். 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினா 20449. கழிச்சா அந்த 1.