பறவையிடம் "கொஞ்சம் தள்ளி உட்கார்" என்று சொல்ல முடியாது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருக்கும் அவையோருக்கும் என் வணக்கம்.

"பறவைப் படம் எடுக்கப் பெரிதும் கைகொடுப்பது சூப்பர் டெலிஃபோட்டோ ஜூமா, பெரிய அபர்ச்சர் பிரைமா?" இதுதான் தலைப்பு. கேமராவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: ஜூம் லென்ஸில் வளையத்தைத் திருப்பிக் காட்சியைக் கிட்டே இழுக்கலாம், தள்ளலாம்; பிரைமில் ஒரே அளவுதான், மாற்ற முடியாது. அபர்ச்சர் என்பது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. ஜூம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று அம்புகளை விட்டுவிட்டுப் போனார். பிரைமில் வெளிச்சம் அதிகம் என்றார். பின்னணி வெண்ணெய் மாதிரி உருகும் என்றார். மூன்றாவதாக, "ஜூம் எதற்கு? காலால் ஜூம் பண்ணு! இரண்டடி முன்னே போ, இரண்டடி பின்னே வா" என்றார். நீங்கள் கைதட்டியது அந்த மூன்றாவதுக்குத்தான். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, வேடந்தாங்கலில் காலால் ஜூம் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நாம் நிற்பது ஏரிக்கரை நடைபாதையில். விட்டால் கண்காணிப்புக் கோபுரம். கூடுகளோ தண்ணீருக்கு நடுவே நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில். இரண்டடி முன்னே வைத்தால் அண்ணன் ஏரிக்குள் இருப்பார். அப்புறம் படம் எடுக்கிற வேலை எங்களுக்கு!

கூந்தன்குளத்தில் நிலைமை நேர்மாறு. நெல்லை மாவட்டத்தின் அந்தக் கிராமத்தில் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை, ஊருக்குள் வந்து தெரு மரத்திலேயே கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களும் விரட்டுவதில்லை. அங்கே பறவை தலைக்கு மேலேயே இருக்கிறது. பின்னே போகலாம் என்று பார்த்தால் முதுகில் வீட்டுச் சுவர் இடிக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. லென்ஸின் மி.மீ. எண்தான் ஃபோகல் லெங்த்; அது கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும், ஃபிரேமில் அடங்கும் இடம் குறையும். ஃபுல்ஃபிரேம் கேமராவில், அதாவது பழைய ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளதில், 600 மி.மீ. லென்ஸ் 20 மீட்டர் தூரத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்? அகலம் 1.2 மீட்டர், உயரம் 80 சென்டிமீட்டர். மஞ்சள்மூக்கு நாரை சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஆக, சிறகு விரித்த நாரை அந்த ஃபிரேமுக்குள் அடங்காது. அடங்கவே அடங்காது! சிறகு நுனி வெட்டுப்படும், இல்லையென்றால் கால் வெட்டுப்படும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, ஏற்றிச் சமாளிக்கலாம். வெட்டுப்பட்ட சிறகை எந்த மென்பொருளில் போய் ஒட்டுவது?

கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் நாரையை நினைத்துப் பாருங்கள். அலகில் குச்சியோடு நம்மை நோக்கி வருகிறது. 60 மீட்டரில் இருக்கும்போது 600-இல் பிடிக்கிறோம். ஃபிரேமின் அகலம் 3.6 மீட்டர், நாரையைச் சுற்றித் தாராளமாக இடம் இருக்கிறது. பறவை நெருங்க நெருங்க இடது கை வளையத்தைத் திருப்புகிறது. 20 மீட்டருக்கு வந்தபோது லென்ஸ் 200-இல் நிற்கிறது. அப்போதும் அதே 3.6 மீட்டர் அகலம்! காலை முன்னே நீட்டி, சிறகை மேலே தூக்கி அது கூட்டில் இறங்குகிறது. கூட்டிலிருக்கும் ஜோடி அலகைக் கடகடவென்று தட்டுகிறது. இரண்டும் ஒரே படத்தில். பிரைம்காரர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்? கண்ணை மட்டும் க்ளோஸப் எடுத்துவிட்டு, "இது வேண்டுமென்றே எடுத்த காம்போசிஷன்" என்பார்.

இன்னொன்று, பறவையைத் தேடிப் பிடிப்பது. 600-இல் வெறும் வானத்தைத் துழாவிப் பறக்கும் பறவையைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. ஜூமில் 200-க்கு இறக்கினால் பறவை தெரியும். நடுவில் வைத்துக்கொண்டு 600-க்கு ஏற்ற வேண்டியதுதான்.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன். இதுதான் எதிரணியின் பலமான வாதம், மறைக்க மாட்டேன். எஃப் எண் குறையக் குறைய அபர்ச்சர் துளை பெரிது; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. எஃப்/4-க்கும் எஃப்/6.3-க்கும் இடையே ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேலே வித்தியாசம். பிரைம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பிரைம்காரர் ஐஎஸ்ஓ 1600-இல் எடுக்கும் படத்தை அதே ஷட்டர் வேகத்தில் எடுக்க எனக்கு 4000 வேண்டும். மாலை மயங்கிய பிறகு ஆந்தை, பக்கி என்று தேடிப் போகிறவருக்கும், சோலைக்காட்டு இருட்டுக்குள் நுழைகிறவருக்கும் பிரைம்தான் ஏற்றது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் ஊர் ஏரிக்கரையில் பத்து மணி வெயிலில் கணக்கு என்ன? ஐஎஸ்ஓ 400, எஃப்/6.3 வைத்தாலே ஷட்டர் வேகம் 1/2500 கிடைக்கிறது. பறக்கும் நாரையை உறைய வைக்க அது போதும். மிஞ்சிய வெளிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? வெயில் ஏறிவிட்டால் தண்ணீர் மேல் காற்று அலையடிக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு தூரத்துப் பறவையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸில் எடுத்தாலும் கலங்கித்தான் வரும்.

அந்த எஃப்/4-ஐ எப்போதும் பயன்படுத்த முடிகிறதா என்றும் கேளுங்கள் ஐயா. 600 மி.மீ., எஃப்/4, பறவை 10 மீட்டரில் என்றால் ஃபோகஸுக்குள் நிற்கும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். 20 மீட்டரில் சுமார் 27 சென்டிமீட்டர். தாய்ப் பறவையும் குஞ்சுகளும் ஒரே கூட்டில் முன்னும் பின்னுமாக நின்றால் எல்லா முகமும் தெளிவாக வர எஃப்/8-க்காவது இறக்க வேண்டும். எஃப்/8-க்கு இறக்கிய பிறகு உங்கள் லென்ஸும் என் லென்ஸும் ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் தருகின்றன. உங்களுடையது கூடுதல் எடையோடு தருகிறது, அவ்வளவுதான்.

"எஃப்/5.6-ஐத் தாண்டினால் ஆட்டோஃபோகஸ் திணறும்" என்றும் சொன்னார்கள். உள்ளே கண்ணாடி வைத்த பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் அது உண்மையாக இருந்தது. கேனான் 2020-இல் 600, 800 மி.மீ. லென்ஸ்களை எஃப்/11-இலேயே விட்டது. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் அவை ஆட்டோஃபோகஸ் செய்கின்றன. எதிரணி இன்னும் பழைய கேமராவின் பயத்தில் பேசுகிறது.

பின்னணி உருகுவதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். பறவை நமக்கு அருகிலும் பின்புறம் தொலைவிலும் இருந்தால் 600-இல் எஃப்/6.3-இலும் அது நன்றாகவே உருகும். பின்புறம் கூட்டை ஒட்டிய கிளை என்றால் எஃப்/4-இலும் குச்சி குச்சியாகத்தான் தெரியும்.

இனி பணம். 2019 ஜூனில் சோனி ஒரே நாளில் இரண்டு லென்ஸ்களை அறிவித்தது. ஒன்று 600 மி.மீ. எஃப்/4 பிரைம். மற்றொன்று 200-600 எஃப்/5.6-6.3 ஜூம். அன்றைய அமெரிக்க விலையில் முன்னது ஏறக்குறைய 13,000 டாலர், பின்னது 2,000 டாலர். ஆறரை மடங்கு! எடையில் பிரைம் 3,040 கிராம், ஜூம் 2,115 கிராம். மீதிப் பணத்தில் நல்ல கேமரா வாங்கலாம், வருடம் முழுக்கச் சரணாலயம் சரணாலயமாகச் சுற்றலாம், வீட்டிலும் நிம்மதியாகச் சோறு கிடைக்கும்.

"பிரைம்களும் இப்போது இளைத்துவிட்டன, நிக்கானின் 500 பி.எஃப். 1,460 கிராம்தான்" என்றார் எதிரணியில் பேசிய தங்கை. அருமையான லென்ஸ், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தங்கச்சி, அது எஃப்/5.6. நிக்கானின் 200-500 ஜூமும் 500-இல் அதே எஃப்/5.6. வெளிச்சத்துக்காகப் பிரைம் என்று வாதாடிவிட்டு, ஜூம் தருகிற வெளிச்சத்தையே தரும் பிரைமைச் சாட்சிக்கு அழைத்தால் எப்படி? நானும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எல்லா ஜூமும் இளைத்ததல்ல. சிக்மா ஒரு காலத்தில் 200-500 எஃப்/2.8 என்று பச்சை நிறத்தில் ஒன்று செய்தது. 15.7 கிலோ! அதைத் தூக்கிக்கொண்டு யாரும் ஏரிக்கரையில் நடக்கப் போவதில்லை.

கடைசியாக, நடுவர் ஐயா மணியைத் தொடுவதற்குள் ஒன்று. எதிரணி பெருமையோடு சொன்னது நிக்கானின் 600 எஃப்/4 டி.சி. 2022-இல் வந்தது. உள்ளேயே ஃபோகல் லெங்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வர்ட்டர்; டி.சி. என்பது அதுதான். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் 600 என்பது 840 ஆகிவிடும், எஃப்/5.6-இல். அதே ஆண்டு 400 எஃப்/2.8-க்கும் இதே ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரே ஃபோகல் லெங்த் போதும் என்றால் அந்த நெம்புகோல் எதற்கு ஐயா? நிக்கானின் பொறியாளர்களே எங்கள் அணிக்கு வந்துவிட்டார்கள். அதிலும் அது மேலே மட்டும்தான் போகும். 600-இலிருந்து 300-க்கு இறங்க எந்த டெலிகன்வர்ட்டரும் உதவாது.

எதிரணித் தலைவருக்கும் இது தெரியும். அதனால்தான் 600 எஃப்/4-ஐ ட்ரைபாடில் மாட்டிக்கொண்டு நிற்கும் பிரைம்காரர்களைப் பார்த்தால், தோளில் இன்னொரு கேமராவும் தொங்கும். பறவை கிட்டே வந்துவிட்டால் எடுக்க. அண்ணனின் பை இதோ மேடைக்கு அருகிலேயே இருக்கிறது. நான் கை வைத்தால் மரியாதையாக இருக்காது. தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் நடுவர் ஐயாவே அதைத் திறந்து, இரண்டாவது கேமராவில் மாட்டியிருப்பது பிரைமா, 100-400 ஜூமா என்று பார்த்து அவைக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.