ராபினை வளர்த்தது யார்?

வணக்கம் நேயர்களே. சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்றதும் முகமூடியும் சண்டையும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இன்று நான் பேச வந்தது அந்த ஹீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிற சின்னப் பையனைப் பற்றி. அவன் யார், ஏன் அங்கே நிற்கிறான், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூரைமேல் நிற்கிற பிள்ளைக்கு மறுநாள் காலையில் சாப்பாடு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்? இந்தக் கேள்வியை அமெரிக்கக் காமிக்ஸ் எழுத்தாளர்கள் 80 வருடத்துக்கும் மேலாக மாறி மாறி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதைகளிலேயே மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பேட்மேன் வந்தது 1939இல். தனி ஆள். அவருக்குக் கதை எழுதிய பில் ஃபிங்கருக்கு அதில் ஒரு தொல்லை இருந்தது, ஹீரோ யாரிடமும் பேசுவதில்லை, எல்லாவற்றையும் தனக்குள்ளேயே யோசித்துக்கொண்டிருக்கிறார், பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேண்டும். ஓவியர்கள் பாப் கேனும் ஜெர்ரி ராபின்சனும் அவரோடு சேர்ந்து யோசித்ததில் 1940 ஏப்ரல் தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 38ஆம் இதழில் ராபின் வந்து குதித்தான். விற்பனை எகிறியது. அப்புறம் என்ன, ஆளாளுக்கு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். 1941இல் கேப்டன் அமெரிக்கா முதல் இதழிலேயே பக்கி, அதே வருடம் கிரீன் ஆரோவுடன் ஸ்பீடி. ஆக, ஆரம்பித்து வைத்தது வியாபாரம்தான்.

ஆனாலும் ராபினின் அந்த முதல் கதையை ஒருமுறை படித்துப் பாருங்கள். ராபினாகப் போகிற டிக் கிரேசன் சர்க்கஸ்காரக் குடும்பத்துப் பிள்ளை, அப்பா அம்மாவோடு சேர்ந்து உயரத்தில் பார் விளையாடுகிறவன். சூக்கோ என்ற ரவுடியின் ஆட்கள் சர்க்கஸ் முதலாளியிடம் மாமூல் கேட்டு மிரட்டுகிறார்கள், அவர் மறுக்கிறார், அன்றைக்குக் கயிற்றில் அமிலம் வைத்துவிடுகிறார்கள். பையன் கண் முன்னாலேயே பெற்றவர்கள் இருவரும் விழுந்து சாகிறார்கள். யார் செய்தது என்று அவனுக்குத் தெரியும், போலீசுக்குப் போகலாம் என்று கிளம்புகிறான், அப்போது பேட்மேன் வந்து நின்று, போகாதே, இந்த ஊரே சூக்கோவின் கைக்குள் இருக்கிறது, உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறார். என் பெற்றோரையும் ஒரு குற்றவாளிதான் கொன்றான் என்று தன் கதையைச் சொல்கிறார். அடுத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரெண்டு பேரும் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறார்கள்.

இதை நான் பார்க்கிற விதம் இது. பெற்றோரை இழந்து நிற்கிற ஒரு பிள்ளையை ஆறுதலாக அணைத்துக்கொள்ள ப்ரூஸ் வேய்னுக்கு, அதாவது முகமூடி இல்லாத பேட்மேனுக்கு, தெரியாது. தன் துக்கத்துக்கு அவர் கண்டுபிடித்த ஒரே மருந்து சபதம், அதையே பையனுக்கும் கொடுக்கிறார். அன்பில்லாமல் இல்லை, அன்பை வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியாமல்தான். பின்னால் வந்த நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பத் தோண்டினார்கள். அப்பாவாக இருக்கத் தெரியாத ஒருவர் அதில் தடுமாறுகிறார், சில சமயம் படுமோசமாகத் தோற்கிறார், அந்தத் தோல்வியை மூடி மறைக்காமல் எழுதிய பக்கங்கள்தான் இன்றைக்கும் நிற்கின்றன என்பது என் கட்சி.

சட்டப்படி ப்ரூஸ் டிக்கிற்குப் பாதுகாவலர் மட்டும்தான், தகப்பன் இல்லை. 1943ஆம் ஆண்டின் கடைசியில் வந்த ஒரு கதையில் டிக்கின் சித்தப்பா என்று ஒருவர் வந்து வழக்குப் போடுகிறார். கோர்ட்டில் ப்ரூஸால் என்ன சொல்ல முடியும்? ஊர் கண்ணுக்கு அவர் வேலை வெட்டி இல்லாமல் விருந்துக்குப் போய்க்கொண்டிருக்கிற பணக்காரர், அவரை நம்பி ஒரு பிள்ளையை எப்படி விடுவது என்று சித்தப்பாவிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். பேட்மேன் நான்தான் என்று சொன்னால் ஒருவேளை பிள்ளை கிடைத்திருப்பான், சொல்ல முடியாது. சித்தப்பாவுக்கு வேண்டியது பணம்தான் என்பது பிறகு தெரியவந்து பையன் வீடு திரும்புகிறான். சின்னக் கதை, சிறுவர்களுக்காக எழுதியது. அதில் அந்தப் பிரிவின் துக்கத்தை ஒளிக்காமல் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியே வருடங்கள் ஓடின. டிக் 1969இல் கல்லூரிக்குப் போனான், 1984இல் ராபின் பெயரை விட்டுவிட்டு நைட்விங் என்று தனக்கென ஒரு பெயர் வைத்துக்கொண்டான். வளர்ந்து தனியாகப் போய்ச் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகி, எல்லாம் முடிந்த பிறகு, 2001இல்தான் ப்ரூஸ் அவனை முறைப்படி தத்தெடுக்கிறார். நம் கணக்குக்கு 61 வருடம். பையன் முழு ஆளாகிவிட்ட பிறகு இந்தக் காகிதம் எதற்கு என்று கேட்கலாம். என்னைக் கேட்டால் அப்போதுதான் அதற்கு அதிகத் தேவை இருந்தது. சின்ன வயதில் தத்தெடுத்திருந்தால் அது போக்கிடமில்லாத பிள்ளைக்குச் செய்த உதவி என்று முடிந்திருக்கும், இப்போது அவன் மறுத்துவிட்டுப் போகலாம், அப்படியிருந்தும் கேட்கிறார், அவனும் சரி என்கிறான்.

கொஞ்சம் கிரீன் ஆரோ பக்கம் வருவோம். ஆலிவர் குவீன், வில்லாளி, ஏழைகளுக்காகவும் நியாயத்துக்காகவும் ஓயாமல் பேசுகிறவர். அவர் வளர்த்த பிள்ளை ராய் ஹார்ப்பர், ஸ்பீடி. 1971இல் டென்னி ஓநீல் எழுத, நீல் ஆடம்ஸ் வரைந்த ரெண்டு இதழ்க் கதை ஒன்று. காமிக்ஸில் போதைப்பொருளைக் காட்டவே கூடாது என்றிருந்த தணிக்கை விதி அந்த வருடம்தான் தளர்ந்திருந்தது. ஆலிவர் ஊரில் போதை விற்கிற கும்பலைத் துரத்திக்கொண்டு அலைகிறார், வீட்டுக்கு வந்தால் அங்கே அவர் பிள்ளையே ஹெராயின் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறான். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? அறைந்து வெளியே விரட்டிவிடுகிறார். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் இரங்குகிற மனிதருக்குச் சொந்தப் பிள்ளை என்றதும் அவமானம்தான் முந்திக்கொண்டு வருகிறது. இது எத்தனை வீட்டில் நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையனைக் கரையேற்றியது டைனா லான்ஸ், பிளாக் கேனரி என்ற பெண் ஹீரோ. நடுக்கமும் வேதனையுமாகத் துடிக்கிற ராயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிற படங்களில் சண்டையும் இல்லை, வில்லனும் இல்லை, ஒரு பெண்ணும் நோயாளிப் பையனும்தான். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இவ்வளவு பெரியதாக ஒருபோதும் இருந்ததில்லை என்றே எனக்குத் தோன்றும். மீண்டு எழுந்த ராய் ஆலிவரின் முகத்தில் ஒரு குத்து விட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவன் கேட்டது சரியான கேள்வி, எனக்கு வேண்டியிருந்த நேரத்தில் நீ எங்கே போனாய் என்பதுதான் அதன் சாரம். பிற்காலக் கதைகளில் ராய்க்கு லியான் என்று ஒரு பெண் குழந்தை பிறக்கிறாள், அவளைத் தனி ஆளாகத் தூக்கி வளர்க்கிற தகப்பனாக அவன் மாறுகிறான். ஆலிவர் செய்யாததை எல்லாம் அவன் செய்கிறான்.

இதே டென்னி ஓநீல் 1988இல் பேட்மேன் இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார். அப்போது ராபினாக இருந்தவன் ஜேசன் டாட், ரெண்டாவது பையன். முந்தைய வருடம் புதிதாக எழுதப்பட்ட கதைப்படி அவன் தெருவில் தனியாக வாழ்ந்தவன், பேட்மேன் காரிலிருந்தே சக்கரத்தைக் கழற்றித் திருடும்போது மாட்டிக்கொண்டவன். கோபக்காரன், சொன்ன பேச்சு கேட்க மாட்டான். வாசகர்கள் நிறையப் பேருக்கு அவனைப் பிடிக்கவில்லை. பதிப்பகம் ரெண்டு தொலைபேசி எண்களை அறிவித்தது, ஒன்று அவன் பிழைக்க, இன்னொன்று சாக. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். ஏறத்தாழ ஒன்றரை நாளில் சாகட்டும் என்று வந்தது 5,343, பிழைக்கட்டும் என்று வந்தது 5,271. வித்தியாசம் வெறும் 72.

இந்த வாக்கெடுப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது கதைக்குள் நடப்பது. ஜேசன் துக்கத்தில் இருக்கிறான், நிதானமில்லாமல் சண்டையில் இறங்குகிறான் என்று ப்ரூஸ் அவனைப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கிறார், நியாயமான முடிவுதான். பையன் தன்னைப் பெற்ற தாயைத் தேடி வீட்டை விட்டுப் போய்விடுகிறான். இது தெரிந்தும் ப்ரூஸ் முதலில் தன் பரம எதிரி ஜோக்கரைத் துரத்திக்கொண்டுதான் போகிறார், ஜோக்கர் கையில் ஏவுகணை இருக்கிறது, பல உயிர்கள் போகும் என்ற நியாயம் அவருக்கு. சரிதான், தப்பில்லை. ஆனால் பிள்ளை எப்போதும் ரெண்டாவதாகத்தான் வருகிறான். எத்தியோப்பியாவில் தாய் கிடைக்கிறாள், அவளே அவனை ஜோக்கரிடம் பிடித்துக் கொடுக்கிறாள், ஜோக்கர் இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டுக் குண்டு வைத்துவிட்டுப் போகிறான், சாகக் கிடக்கிற அந்த நிலையிலும் ஜேசன் அந்தத் தாயைக் காப்பாற்றத்தான் பார்க்கிறான். பிடிக்காத பையன் என்று ஓட்டுப் போட்டவர்கள் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்திருந்தால் 72 பேராவது மனம் மாறியிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2005இல் ஜேசனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். செத்தவர்கள் திரும்பி வருவது காமிக்ஸில் சகஜம், பல நேரம் அது கதையைக் கெடுத்துவிடும், இங்கே கெடுக்கவில்லை. ஏனென்றால் ஜேசன் ஒரே ஒரு மனக்குறையோடு வருகிறான். என்னைக் காப்பாற்றவில்லையே என்பதல்ல அது. என்னைக் கொன்றவனை நீ ஏன் இன்னும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறாய் என்பது. கொல்ல மாட்டேன் என்பது பேட்மேனின் கொள்கை, அதை மீறினால் அவர் அவராக இருக்க மாட்டார். பிள்ளைக்கோ, என்னைவிட உன் கொள்கை பெரிதா என்ற ஆற்றாமை. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, ரெண்டும் ஒன்றுசேர வழியே இல்லை.

ஜேசன் இறந்ததற்குப் பிறகு, 1989இல் டிம் ட்ரேக் வருகிறான். இவன் அனாதை இல்லை, அப்பா அம்மா இருக்கிறார்கள். சின்ன வயதில் டிக்கின் சர்க்கஸைப் பார்த்தவன், டிக்கின் பெற்றோர் விழுந்த அந்தக் காட்சியிலும் இருந்தவன். வருடங்கள் கழித்து ராபின் அந்தரத்தில் நான்கு குட்டிக்கரணம் போடுவதைப் படத்தில் பார்த்துவிட்டு, இதைச் செய்ய கிரேசன் குடும்பத்தால் மட்டும்தான் முடியும் என்று யோசித்து, ராபின் யார், அப்படியானால் பேட்மேன் யார் என்று கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறான். ஜேசன் செத்த பிறகு பேட்மேன் முரட்டுத்தனமாக அடிக்கிறார், தன் உயிரைப் பற்றிக் கவலையே படுவதில்லை என்று கவனித்ததும் நேரே டிக்கிடம் போய், நீ திரும்பி வா, அவர் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறான். தனக்காக அவன் எதுவும் கேட்கவில்லை. பெரியவர் உடைந்துபோயிருக்கிறார் என்று ஒரு பையனுக்குத் தெரிகிறது, அவரைச் சுற்றியிருக்கிற பெரியவர்களுக்குத் தெரிந்தும் கை கட்டி நிற்கிறார்கள்.

எல்லா ஜோடியும் இப்படி ரணமாக இருந்துவிடவில்லை. மின்னல் வேகத்தில் ஓடுகிற ஃப்ளாஷ், அதாவது பேரி ஆலனுக்கும், அவரைப் போலவே ஓடுகிற துணைப் பையன் வாலி வெஸ்டுக்கும் இருந்தது சந்தோஷமான உறவு. பேரியின் காதலி ஐரிஸின் அண்ணன் மகன் வாலி, அத்தையைப் பார்க்க வந்த பிள்ளை, அத்தைக்கு மாப்பிள்ளையாகப் போகிறவர்தான் ஃப்ளாஷ். 1985இல் பேரி உலகத்தைக் காப்பாற்றி உயிரை விட, வாலி அந்தச் சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டான். ஆனால் அவன் வேகம் பேரியின் வேகத்துக்கு வரவே இல்லை. 1993இல் மார்க் வெய்ட் எழுதிய கதையில்தான் காரணம் தெரிகிறது. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. பேரியைவிட வேகமாக ஓடிவிட்டால் பேரியின் இடம் போய்விடும் என்ற பயத்தில் அவனே தன்னைப் பிடித்து வைத்திருந்தான். பேரி பெயரில் வந்த ஒரு மோசக்காரனிடமிருந்து பேரியின் நல்ல பெயரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில்தான் அந்தக் கட்டு விடுகிறது. பெரியவர்கள் விட்டுப்போன கடையையோ நிலத்தையோ கையில் வாங்கிய எவருக்கும் வாலியின் தயக்கம் புரியும்.

கடைசியாக டேமியன். ப்ரூஸின் சொந்த ரத்தம், தாயின் பக்கத்துக் கொலைகாரக் கூட்டத்தில் வளர்ந்து பத்து வயதில் வந்து சேர்ந்தவன், வாய்த்துடுக்கு அதிகம். 2009இல் ப்ரூஸ் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய காலத்தில் பேட்மேன் உடையை டிக் போட்டுக்கொள்கிறான், டேமியனைத் தன் ராபினாக எடுத்துக்கொள்கிறான். அதில் டிம் மனம் நொந்து விலகிப் போனான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அண்ணன்மார் முடிவெடுக்கும்போது நடுப்பிள்ளைக்கு அடி விழுவது இந்த வீட்டிலும் உண்டு. டிக் அந்தத் துடுக்குப் பையனிடம் சிரித்துப் பேசுகிறான், கோபப்படுகிறான், திரும்பவும் கூடவே நிற்கிறான். பையன் மெல்ல மெல்ல வழிக்கு வருகிறான். ப்ரூஸிடமிருந்து டிக் தற்காப்புக் கலையும் துப்பறியும் வித்தையும் கற்றான். இந்தக் கனிவு அவனுக்கு விழுந்து செத்த அந்த சர்க்கஸ்காரப் பெற்றோரிடமிருந்தும், வீட்டில் சாப்பாடும் மருந்தும் கட்டும் கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெடிடமிருந்தும் வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

நேரம் முடிகிறது. இவற்றைத் தேடிப் படிக்க நினைக்கிறவர்கள் 1971ஆம் வருடத்து கிரீன் ஆரோ கதையில் ஆரம்பியுங்கள், ரெண்டே இதழ்கள்தான், முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அடுத்து டிம் ட்ரேக் வருகிற 1989 கதை, அதன் பிறகு டிக்கும் டேமியனும். ஜேசன் கதையை வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்னால் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.